டல்லாஸ் எக்ஸ்சேஞ்ச்: பருத்தி விவசாயிகள் கணக்குப் பார்த்த கதை

1880-களில் டெக்சாஸ் மாநிலத்தின் கிராமத்துக் கடைகளில் ஒரு மூட்டை மாவுக்கு இரண்டு விலை இருந்தது. கையில் காசோடு போனால் ஒரு விலை, பற்று எழுதினால் இன்னொரு விலை. பற்று விலை ரொக்க விலையைவிட நூற்றுக்கு 25 முதல் 50 வரை கூடுதல். சில ஊர்களில் அதையும் தாண்டியது. அதற்கு மேல் வட்டி வேறு. பருத்தி விவசாயிக்குக் காசு வருவது வருஷத்தில் ஒரே முறை, பஞ்சு எடுத்து விற்ற பிறகு. மார்ச்சில் விதை வேண்டும், ஏப்ரலில் ஏர் வேண்டும், பன்னிரண்டு மாதமும் பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும். அதனால் அநேகம் பேருக்கு ரொக்க விலை என்பது பலகையில் பார்க்கிற விலைதான்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று நம் ஊரில் சொல்வோம். டெக்சாஸ் விவசாயிகள் ஒரு கட்டத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தே விட்டார்கள். கடையின் பற்றுப் புத்தகத்தில் தொடங்கிய கணக்கு வங்கியின் வாசலுக்குப் போனது, அங்கிருந்து வாஷிங்டனுக்குப் போனது. 1892-இல் அமெரிக்காவில் உருவான மக்கள் கட்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தங்கமா வெள்ளியா என்ற நாணயச் சண்டையிலிருந்து ஆரம்பிப்பார்கள். எனக்கு அது கதையின் கடைசி அத்தியாயத்தை முதலில் படிப்பதாகவே படுகிறது. டல்லாஸ் நகரில் 1887-இல் திறந்து 1889-இல் மூடிப்போன எக்ஸ்சேஞ்ச் என்ற ஒரு கூட்டுறவு நிலையத்திலிருந்து தொடங்கினால்தான் அந்த விவசாயிகள் ஏன் கட்சி கட்டினார்கள் என்பது விளங்கும்.

பயிர் அடமானம்

1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது தெற்கு மாநிலங்களில் பணமே இல்லை. போரில் தோற்ற தெற்கத்தியக் கூட்டமைப்பு அச்சடித்த நோட்டு செல்லாது போனது, வங்கிகள் முடங்கின. விடுதலை பெற்ற கறுப்பின மக்களிடம் நிலம் இல்லை. நிலம் வைத்திருந்தவர்களிடம் கூலி கொடுக்கக் காசு இல்லை. அந்த வெற்றிடத்தில் விளைச்சலில் பங்கு தரும் வார சாகுபடியும் பயிர் அடமானமும் வந்து உட்கார்ந்தன. மாநிலச் சட்டமன்றங்களும் அதற்கேற்ற சட்டங்களை இயற்றிக் கொடுத்தன.

நடைமுறை இதுதான். விதைப்புக்கு முன்னால் விவசாயி ஊர்க் கடைக்காரரிடம் போவார். இன்னும் முளைக்காத பயிரை அடமானம் எழுதிக் கொடுப்பார். அன்று முதல் அவருக்குச் சாமான் தரும் கடை அது ஒன்றுதான். வேறு கடைக்காரர் பற்று எழுத மாட்டார், ஏனென்றால் அடமானம் வைக்க அவரிடம் இன்னொரு பயிர் கிடையாது. மாவு, பன்றி இறைச்சி, வெல்லப்பாகு, துணி, ஏர்முனை எல்லாம் புத்தகத்தில் ஏறும். அறுவடைக்குப் பின் பருத்திப் பொதி, அதாவது பேல், நேராகக் கடைக்காரரிடம் போகும். எடை அவருடையது, விலை அவருடையது, கணக்கும் அவருடையது. கழித்த பிறகு பாக்கி நின்றால், அந்தப் பாக்கிக்காக அடுத்த வருஷப் பயிரும் அவருக்கே எழுதப்படும்.

கடைக்காரர் இன்னொரு நிபந்தனையும் வைப்பார்: பருத்திதான் போட வேண்டும். பருத்தி எந்த நாளும் காசாகும், காய்கறி ஆகாது. ஆகவே நிலத்தில் உழைக்கிற குடும்பம் தன் சாப்பாட்டையும் பற்று விலைக்கு வாங்கியது.

இதோடு விலையும் இறங்கிக்கொண்டே போனது. 1870-களின் நடுவில் பவுண்டுக்கு 11 சென்ட் அளவில் இருந்த பருத்தி, 1894-இல் 5 சென்ட்டுக்கும் கீழே வந்தது. ஒரு விவசாயிக்கு 500 டாலர் கடன் என்று வைத்துக்கொள்வோம். 10 சென்ட் விலையில் 5,000 பவுண்டு, அதாவது 500 பவுண்டு பேலாக 10 பேல் கொடுத்தால் கடன் தீரும். 5 சென்ட் விலையில் அதே கடனுக்கு 20 பேல் வேண்டும். பத்திரத்தில் தொகை மாறவில்லை, வட்டிகூட ஏறவில்லை என்று வைத்தாலும் கடன் இரட்டிப்பாகிவிட்டது.

விலை ஏன் இறங்கியது? உலகச் சந்தையில் பருத்தி பெருகியது ஒரு காரணம். இன்னொன்று பணம். போர்க் காலத்தில் அரசு அச்சடித்த கிரீன்பேக் நோட்டுகளின் அளவு பிறகு சுருக்கப்பட்டது. 1873-இல் சட்டம் வெள்ளி டாலரை நாணய அடிப்படையிலிருந்து விலக்கியது. 1879 முதல் நோட்டுக்குத் தங்கம் தரப்பட்டது. மக்கள்தொகையும் விளைச்சலும் வளர்ந்த வேகத்தில் பணம் வளரவில்லை. அதிலும் அறுவடைக் காலத்தில் நாடு முழுக்க விவசாயிகள் ஒரே நேரத்தில் விற்க வரும்போது புழக்கத்தில் பணம் பற்றாது. விளைந்ததை விற்கிற மாதத்தில் விலை பள்ளத்தில் கிடக்கும்.

லாம்பசாஸிலிருந்து வேகோ வரை

1877-இல் டெக்சாஸின் லாம்பசாஸ் மாவட்டத்தில் சில விவசாயிகள் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். தொடக்கத்தில் அது கால்நடைத் திருட்டைத் தடுக்க, தவறிய மாட்டைத் தேட, சாமானைச் சேர்ந்து வாங்க என்ற அளவில்தான் இருந்தது. உழவர் கூட்டணி என்ற அந்த அமைப்பு நடுவில் நசிந்து, பிறகு பார்க்கர் மாவட்டத்தில் மறுபடி துளிர்த்தது. அதைப் பெரிதாக்கியவர்கள் ஊர் ஊராகப் போன பேச்சாளர்கள். எஸ். ஓ. டாஸ் 1884-இல் பயணப் பேச்சாளராக நியமிக்கப்பட்டார். பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ கூட்டம் கூட்டி, பற்றுக் கணக்கைப் பிரித்துக் காட்டி, அங்கேயே ஒரு கிளை தொடங்கிவிட்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். கிளைகளில் பெண்களும் உறுப்பினர்கள். வாக்குரிமை இல்லாத காலத்தில் அது சிறிய விஷயமில்லை.

1886-இல் ரயில்வே முதலாளி ஜே கூல்டின் ரயில்பாதைகளில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. மான்டேகு மாவட்டத்து வில்லியம் லாம்ப் போன்றவர்கள் தொழிலாளர் பக்கம் நிற்க வேண்டும் என்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் கிளெபர்ன் நகரில் கூடிய கூட்டணி, ரயில்வே, நிலம், நாணயம் பற்றிய கோரிக்கைப் பட்டியல் ஒன்றை நிறைவேற்றியது. அரசியல் வேண்டாம் என்றவர்கள் வெளியேறத் தயாரானார்கள். சங்கம் உடையப் போகிற அந்த நேரத்தில் முன்னே வந்தவர் சார்லஸ் மக்கூன்.

விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷாவில் 1851-இல் பிறந்தவர் மக்கூன். டெக்சாஸின் மைலம் மாவட்டத்தில் வைத்தியம் பார்த்தார், சட்டமும் தாமாகவே படித்தார். 1887 ஜனவரியில் வேகோ நகரில் இரு தரப்பையும் உட்கார வைத்து அவர் சொன்னதன் சாரம்: அரசியல் சண்டையைத் தள்ளி வைப்போம், முதலில் நாமே வாங்கி நாமே விற்போம், மாநிலம் முழுக்க ஒரே கூட்டுறவு, அப்புறம் தெற்கு முழுக்க. லூசியானா உழவர் சங்கமும் அங்கேயே இணைந்தது. பேச்சாளர்கள் மற்றத் தெற்கு மாநிலங்களுக்கும் கிளம்பினார்கள்.

அடுத்த மாதமே ஒன்று நடந்தது. டெக்சாஸில் வறட்சி, விதைக்கே தானியம் இல்லை. வறண்ட மாவட்டங்களுக்கு விதை வாங்க 10,000 டாலர் ஒதுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1887 பிப்ரவரி 16-இல் ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாந்து அதை ரத்து அதிகாரத்தால் நிறுத்தினார். மக்கள் அரசைத் தாங்கலாம், அரசு மக்களைத் தாங்கக் கூடாது என்ற பாடம் மனத்தில் பதிய வேண்டும் என்று காரணம் எழுதினார். கிளீவ்லாந்து ஜனநாயகக் கட்சிக்காரர். அந்த விவசாயிகளில் பெரும்பாலோர் பரம்பரையாக வாக்களித்து வந்த கட்சி அதுதான்.

எக்ஸ்சேஞ்ச்

1887 செப்டம்பரில் டல்லாஸில் உழவர் கூட்டணியின் எக்ஸ்சேஞ்ச் வேலையைத் தொடங்கியது. நகரத்தார் சலுகை கொடுத்து அழைத்ததால் இடம் டல்லாஸ் ஆனது. பின்னர் அதற்கு நாலு மாடிக் கட்டடமும் எழுந்தது.

விற்பனைப் பக்கம் எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். விவசாயி தன் பேலை ஊரிலேயே எடை போட்டு எண் குறிப்பார். பேலிலிருந்து ஒரு கைப்பிடிப் பஞ்சை மாதிரியாக உருவி, சீட்டுக் கட்டி, டல்லாஸுக்கு அனுப்புவார். பேல் உள்ளூர்க் கிடங்கில் இருக்கும்; மாதிரி மட்டும் பயணம் போகும். எக்ஸ்சேஞ்சின் மேசையில் நூற்றுக்கணக்கான ஊர்களின் மாதிரிகள் வரிசையாக இருக்கும், ஏற்றுமதிக்கு வாங்கும் பெரிய வியாபாரிகள் வந்து பார்த்து மொத்தமாக விலை பேசுவார்கள். முதல் பருவத்திலேயே 22 ரயில் நிலையங்களில் கிடந்த 1,500 பேல் ஒரே விற்பனையில் போனது. சரக்கு இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் கப்பல் ஏறியது. அதுவரை ஒரு விவசாயி தன் ஊர் வியாபாரி ஒருவரிடம் தலை குனிந்து நின்று விற்ற பஞ்சு.

ஆனால் பயிரை ஏற்கெனவே அடமானம் எழுதிக் கொடுத்தவர் மாதிரி அனுப்ப முடியாதே? அவர்தான் பெரும்பான்மை. இந்தச் சிக்கலுக்கு மக்கூன் கண்ட வழிதான் கூட்டுப் புரோ நோட்டு.

ஒரு கிளையின் உறுப்பினர்கள், நிலம் உள்ளவரும் இல்லாதவருமாக, சேர்ந்து உட்கார்ந்து அந்த வருஷத்துக்கு யார் யாருக்கு எவ்வளவு சாமான் தேவை என்று கணக்கெடுப்பார்கள். மொத்தத் தொகைக்கு எல்லாரும் சேர்ந்து ஒரே நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். நோட்டோடு ஒரு விவரப் படிவம் போகும்: எத்தனை ஏக்கர், என்ன மதிப்பு, அதன் மேல் என்ன கடன், எத்தனை மாடு, எத்தனை கோவேறு கழுதை, போன வருஷம் என்ன விளைந்தது, இந்த வருஷம் என்ன எதிர்பார்ப்பு. டல்லாஸில் ஒரு குழு சரிபார்க்கும். அந்த நோட்டுகளை ஈடாக வைத்து எக்ஸ்சேஞ்ச் வங்கியில் கடன் வாங்கி, சாமானை மொத்த விலையில் கொள்முதல் செய்து, மாதா மாதம் அனுப்பும். இலையுதிர் காலத்தில் பருத்தி எக்ஸ்சேஞ்சுக்கு வரும், கடன் அடையும்.

அந்தப் படிவத்தை ஒரு நிமிஷம் கண் முன் நிறுத்திப் பார்க்க வேண்டும். கடன்பட்டவர் கடனை மறைப்பது இயல்பு. பக்கத்துக் காட்டுக்காரருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்றுதான் எந்த ஊர் விவசாயியும் நினைப்பார். இங்கே அவர் தன் கடனை எழுதி, அண்டை வீட்டார் முன்னால் வாசித்து, அதே தாளில் அவர்களின் கையெழுத்தையும் வாங்குகிறார். நிலம் வைத்திருக்கிறவரோ, நிலமில்லாத குத்தகைக்காரனுக்காகத் தன் சொத்தைப் பொறுப்பில் வைக்கிறார். இந்த இயக்கத்தின் தீர்மானங்கள், மேடைப் பேச்சுகள் எல்லாவற்றையும்விட இந்தப் படிவம்தான் பெரிய செயல் என்று நான் கருதுகிறேன்.

வங்கியின் வாசல்

1888 வசந்தத்தில் நோட்டுகள் குவிந்தன. அவற்றின் தொகை 2 லட்சம் டாலரைத் தாண்டியது. ஈடாக நின்ற நிலமும் பயிரும் அதைவிடப் பல மடங்கு. மக்கூன் அவற்றை எடுத்துக்கொண்டு டல்லாஸ் வங்கிகளுக்குப் போனார். இல்லை என்றார்கள். ஹூஸ்டன், கால்வெஸ்டன், நியூ ஆர்லியன்ஸ் என்று அலைந்தார். அங்கேயும் கிட்டத்தட்ட அதே பதில். இதற்குள் எக்ஸ்சேஞ்ச் சாமானுக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. சரக்கு வந்து நிற்கிறது, பில்லுக்குப் பணம் இல்லை.

வங்கிகளுக்கு இதில் தனிப் பகை ஏதும் தேவைப்படவில்லை. வங்கி மொத்த வியாபாரிக்குக் கடன் தரும், மொத்த வியாபாரி கிராமத்துக் கடைக்காரருக்குத் தருவார், கடைக்காரர் விவசாயிக்குத் தருவார். எக்ஸ்சேஞ்சுக்குக் கடன் கொடுத்தால் அந்தச் சங்கிலியின் நடுக்கண்ணிகள் இரண்டும் அறுந்துவிடும். அவர்கள்தான் வங்கியின் வாடிக்கையாளர்கள்.

எக்ஸ்சேஞ்சின் பக்கமும் தவறு இருந்தது, அதை மறைக்கக் கூடாது. உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் 2 டாலர் வசூலித்து 5 லட்சம் டாலர் மூலதனம் திரட்டுவதுதான் முதல் திட்டம். வந்தது அதில் மிகச் சிறிய பங்கு. 2 டாலர் என்பது பற்றில் வாழும் குடும்பத்துக்குச் சாதாரணத் தொகையில்லை. மூலதனம் சேரும் முன்பே வியாபாரத்தை விரித்தது மக்கூனின் அவசரம். கணக்கு வைப்பு சரியில்லை, நிர்வாகச் செலவு அதிகம் என்ற புகார்களும் கூட்டணிக்குள்ளேயே எழுந்தன. இருந்தாலும் இவற்றால் மட்டும் அது விழுந்தது என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. நல்ல ஈட்டின் பேரில் ஒரு பருவத்துக் கடன் கிடைத்திருந்தால் அந்தக் குறைகளைத் திருத்த அவகாசம் இருந்திருக்கும்.

அடுத்து நடந்ததுதான் அமெரிக்க உழவர் வரலாற்றின் மறக்க முடியாத நாள். கூட்டணியின் தலைமை எல்லாக் கிளைகளுக்கும் ரகசியமாகச் செய்தி அனுப்பியது: 1888 ஜூன் 9, சனிக்கிழமை, உங்கள் மாவட்ட நீதிமன்றத்தின் முன் கூடுங்கள், எக்ஸ்சேஞ்சைக் காப்போம். அன்று மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட நீதிமன்ற வாசல்களில் விவசாயிகள் குடும்பத்தோடு வண்டி கட்டி வந்து இறங்கினார்கள். ஊர் வியாபாரிகள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமையின் கடிதம் வாசிக்கப்பட்டது. வங்கிகளும் மொத்த வியாபாரிகளும் சேர்ந்து நம்மை நெரிக்கிறார்கள் என்று கூட்டணி சொன்னது. அந்த வெயிலில் நின்றவர்களிடம் மேலும் பணம் கேட்டது. இருந்ததைக் கொடுத்தார்கள், இல்லாதவர்கள் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள்.

வந்த பணம் எக்ஸ்சேஞ்சை அந்த வருஷம் நிற்க வைத்தது, காப்பாற்றவில்லை. 1889 முடிவதற்குள் அது மூடப்பட்டது, நாலு மாடிக் கட்டடமும் கையைவிட்டுப் போனது.

சணல்

இதற்கிடையே ஒரு வெற்றியும் நடந்தது, சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். பருத்தி பேலைச் சுற்றும் சாக்குத் துணி சணலால் ஆனது. அந்தச் சணல் வங்காளத்தில் விளைந்து கல்கத்தா வழியாகப் போன சரக்கு. 1888 கோடையில் அமெரிக்கச் சாக்குத் தயாரிப்பாளர்கள் கூட்டுச் சேர்ந்து, கெஜம் 7 சென்ட் அளவில் இருந்த துணியின் விலையை ஒரேயடியாக ஏற்றினார்கள். பருத்தி அறுவடை தொடங்கப் போகிறது, சுற்றாமல் விற்க முடியாது. பல மாநிலங்களின் கூட்டணிக் கிளைகள் சணலைப் புறக்கணித்து, பருத்தித் துணியிலேயே பேலைச் சுற்றின. 1889-இல் அட்லான்டாவில் நடந்த ஒரு திருமண விழாவில் இரண்டு ஜோடிகள் பருத்திச் சாக்குத் துணியையே உடுத்தி மணம் செய்துகொண்டார்கள். விலை இறங்கியது.

சாக்கை மாற்ற முடிந்தது. பணத்தை மாற்ற முடியவில்லை. டல்லாஸும் சணலும் பக்கத்துப் பக்கத்தில் கற்றுக் கொடுத்தது இதைத்தான்.

சார்நிலைக் கருவூலம்

மக்கூன் டல்லாஸ் தோல்வியோடு ஒதுங்கிவிடவில்லை. 1889 டிசம்பரில் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய கூட்டணி மாநாட்டில் அவர் வைத்த திட்டத்தின் பெயர் சார்நிலைக் கருவூலம்.

ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் மதிப்புக்கு விளையும் ஒவ்வொரு மாவட்டத்திலும் மத்திய அரசு ஒரு கிடங்கு கட்ட வேண்டும். பருத்தி, கோதுமை, சோளம், புகையிலை, நெல் போல் கெடாத விளைபொருளை விவசாயி அங்கே வைப்பார். அன்றைய சந்தை விலையில் 80 சதவீதத்தை அரசு அவருக்கு நோட்டாகக் கடன் தரும், வட்டி 1 சதவீதம். பொருளீட்டுக் கடன் என்று நாம் சொல்வோமே, அதேதான். மீதிக்குக் கிடங்கு ரசீது கிடைக்கும். அந்த ரசீதை அவர் விற்கலாம். ஒரு வருஷத்துக்குள் எப்போது விலை ஏறுகிறதோ அப்போது பொருளை விற்றுக் கடனைக் கட்டலாம். கட்டாவிட்டால் அரசு ஏலம் விடும்.

இதில் இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. அறுவடை மாதத்தில் அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டிய கட்டாயம் போய்விடுகிறது. விளைச்சல் வரும் மாதத்தில் புழக்கத்தில் பணம் தானாகக் கூடுகிறது, விற்று முடியும்போது தானாகக் குறைகிறது. டல்லாஸில் கூட்டுப் புரோ நோட்டை எந்த வங்கியும் வாங்கவில்லை. சரி, அப்படியானால் அந்த நோட்டை வாங்கும் வங்கியாக அரசே இருக்கட்டும் என்பதுதான் திட்டத்தின் உயிர். எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் இந்த யோசனை பிறந்திருக்காது.

1890 தொடக்கத்தில் வட கரோலினா செனட்டர் செபுலன் வான்ஸ் இதைச் செனட்டில் மசோதாவாக வைத்தார். வைத்தவரே பிறகு ஆதரிக்க மறுத்தார். மசோதா குழுவைத் தாண்டவில்லை. பத்திரிகைகள் பைத்தியக்காரத்தனம் என்று எழுதின.

அதுவரை அரசியலைத் தள்ளி வைப்போம் என்றவர்களுக்கு இனி வழியில்லை. கடையை எதிர்க்கக் கூட்டுறவு போதும். கூட்டுறவை நடத்தக் கடன் வேண்டும். கடனுக்கு நாணயச் சட்டம் மாற வேண்டும். சட்டம் மாற நாடாளுமன்றம் வேண்டும். படிப்படியாக இப்படித்தான் ஏறினார்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியில் சறுக்கி விழுந்ததால் ஏறியது.

வாசலுக்கு வெளியே நின்றவர்கள்

இவ்வளவு பெருமையாகச் சொல்லும் கூட்டணி வெள்ளையர்களை மட்டுமே உறுப்பினராக்கியது. பயிர் அடமானத்தில் அவர்களைவிட ஆழமாக அமிழ்ந்திருந்த கறுப்பின விவசாயிகள் 1886 டிசம்பரில் டெக்சாஸின் ஹூஸ்டன் மாவட்டத்தில் தங்கள் சொந்தக் கூட்டணியை அமைத்தார்கள். அதன் பொது மேற்பார்வையாளராக இருந்தவர் வெள்ளை இனப் பாதிரியார் ஆர். எம். ஹம்ஃப்ரி. உறுப்பினர் தொகை 12 லட்சம் என்று அமைப்பு சொல்லிக்கொண்டது. ஹூஸ்டன், நியூ ஆர்லியன்ஸ், மொபீல், சார்ல்ஸ்டன், நார்ஃபோக் ஆகிய துறைமுக நகரங்களில் அவர்களும் எக்ஸ்சேஞ்ச் நடத்தினார்கள்.

கடைக்காரர் முன்னால் இருவரின் நலனும் ஒன்று. காட்டில் அப்படியில்லை. வெள்ளைக் கூட்டணியின் உறுப்பினர் பலர் நிலவுடைமையாளர்கள். கறுப்பினக் கூட்டணியின் உறுப்பினர் பலர் அவர்களிடம் பஞ்சு எடுக்கும் கூலிகள். 1891 செப்டம்பரில் 100 பவுண்டு பஞ்சு எடுக்க 1 டாலர் கூலி கேட்டு வேலைநிறுத்தத்துக்கு ஹம்ஃப்ரி அழைத்தார். வெள்ளைக் கூட்டணியின் தேசியத் தலைவர் லியோனிடஸ் போல்க் எதிர்த்தார். பெரும்பாலான இடங்களில் வேலைநிறுத்தம் எழவே இல்லை. ஆர்க்கன்சாஸின் லீ மாவட்டத்தில் மட்டும் பென் பேட்டர்சன் என்பவர் தலைமையில் எழுந்தது. அவரையும் சேர்த்துச் சுமார் 15 கறுப்பினத்தவர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பலர் பிடிபட்ட பிறகு கும்பலால் கொல்லப்பட்டவர்கள்.

கூட்டுப் புரோ நோட்டில் நிலமில்லாதவனுக்காகக் கையெழுத்துப் போட்ட கை, பஞ்சு எடுப்பவளின் கூலிக்கு நீளவில்லை. இந்த இயக்கத்தின் மேல் எனக்கு இருக்கும் மதிப்பு எவ்வளவோ அவ்வளவு வருத்தமும் இதில் இருக்கிறது. அவர்கள் படித்த கணக்குப் பாடத்தின் அடுத்த வரி அங்கேதான் இருந்தது.

டெக்சாஸில் கொஞ்சம் முன்னேற்றம் நடந்தது. 1891 ஆகஸ்டில் டல்லாஸில் மாநில மக்கள் கட்சி தொடங்கியபோது கறுப்பினப் பிரதிநிதிகளும் அவையில் இருந்தார்கள், மாநில நிர்வாகக் குழுவிலும் இடம் பெற்றார்கள். அடிமையாகப் பிறந்த ஜான் ரெய்னர் பின்னர் அந்தக் கட்சியின் மிகச் சிறந்த பேச்சாளர்களில் ஒருவரானார்; கால்வர்ட் ஊரிலிருந்து கிளம்பி மாநிலம் முழுக்கச் சுற்றினார்.

கட்சி

1890 தேர்தலில் கான்சாஸ் விவசாயிகள் ஐந்து பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள், செனட்டுக்கு வில்லியம் பெஃபரை அனுப்பினார்கள். தெற்கில் கூட்டணியின் ஆதரவோடு ஜனநாயகக் கட்சியின் ஆளுநர்கள் பலர் ஜெயித்தார்கள். ஜெயித்த பின் பெரும்பாலோர் சார்நிலைக் கருவூலத்தைக் கைவிட்டார்கள். டெக்சாஸில் ஆளுநர் ஜேம்ஸ் ஹாக் ரயில்வே ஆணையம் அமைத்தது உண்மை. ஆனால் கருவூலத் திட்டத்தை ஆதரிக்கிறவர்களைக் கட்சியின் தேர்வுக் கூட்டங்களுக்கு வெளியே நிறுத்தினார்கள். அதற்கு மேல் ஜனநாயகக் கட்சியில் இருக்க விவசாயிகளுக்கு எந்தக் காரணமும் இல்லை.

1892 ஜூலை 4-இல் ஓமஹாவில் கூடிய மக்கள் கட்சி தன் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. சார்நிலைக் கருவூலம் அல்லது அதைவிட நல்ல திட்டம், வெள்ளி நாணயம், படிநிலை வருமான வரி, அஞ்சலக சேமிப்பு வங்கி, ரயில்வேயையும் தந்தியையும் அரசே நடத்துவது என்று அதில் இருந்தது. செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற தீர்மானமும் இருந்தது. ஜனாதிபதி வேட்பாளராகியிருக்க வேண்டிய போல்க் மாநாட்டுக்குச் சில வாரம் முன் இறந்தார். ஜேம்ஸ் வீவர் நின்று 10 லட்சத்துக்கும் மேல் வாக்கும் 22 தேர்வாளர் வாக்கும் பெற்றார்.

1893-இல் வந்த பொருளாதார நெருக்கடி அரசியலைக் கலக்கியது. 1896-இல் ஜனநாயகக் கட்சி வெள்ளி நாணயத்தைக் கையில் எடுத்து வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை நிறுத்தியது. மக்கள் கட்சி என்ன செய்வது? தனியாக நின்றால் வாக்கு பிரியும், சேர்ந்தால் கட்சி கரையும். செயின்ட் லூயிஸ் மாநாட்டில் டெக்சாஸின் 103 பிரதிநிதிகள் கடைசிவரை சேரக் கூடாது என்று நின்றார்கள். அவர்களுடைய பிடிவாதம் எனக்குப் புரிகிறது. வெள்ளி நாணயம் வந்தால் பணம் கொஞ்சம் கூடும். ஆனால் பற்றுப் புத்தகம், பயிர் அடமானம், வங்கியின் மறுப்பு எதையும் வெள்ளி தொடாது. டல்லாஸில் வாசல் வாசலாக அலைந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். மாநாடு பிரையனையே ஏற்றது. துணை ஜனாதிபதிக்கு மட்டும் ஜார்ஜியாவின் டாம் வாட்சனைத் தனியாக அறிவித்தது. நவம்பரில் குடியரசுக் கட்சியின் மெக்கின்லி தேர்வாளர் வாக்கில் 271-க்கு 176 என்று ஜெயித்தார். டெக்சாஸில் அதே தேர்தலில் மக்கள் கட்சியின் ஆளுநர் வேட்பாளர் ஜெரோம் கியர்பி 44 சதவீத வாக்கு வாங்கித் தோற்றார். நாடு முழுக்க அந்தக் கட்சி அத்தோடு வலுவிழந்தது.

அப்புறம் தெற்கு மாநிலங்கள் தேர்தல் சட்டங்களை மாற்றத் தொடங்கின. டெக்சாஸ் 1902-இல் வாக்களிக்க வரி விதித்தது. கறுப்பினத்தவர் பெரும்பாலோரும் ஏழை வெள்ளையர் பலரும் வாக்குச் சாவடியிலிருந்து விலக்கப்பட்டார்கள். கூட்டுப் புரோ நோட்டில் கையெழுத்துப் போட்ட அதே வகை மக்கள்.

ஓமஹா அறிக்கையின் சில வரிகள் வேறு கைகளால் சட்டமாயின. வருமான வரிக்கும் செனட்டர் நேரடித் தேர்தலுக்கும் 1913-இல் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. 1916-இல் கிடங்கு ரசீதுகளை ஒழுங்குபடுத்தும் சட்டமும், விவசாயிகளுக்கு நீண்ட காலக் கடன் தரும் சட்டமும் வந்தன. 1933 இலையுதிர் காலத்தில், பருத்தி விலை தரைமட்டமாகிக் கிடந்தபோது, மத்திய அரசு புதிதாக அமைத்த சரக்குக் கடன் கழகம் கிடங்கில் வைத்த பருத்திக்குப் பவுண்டுக்கு 10 சென்ட் கடன் கொடுக்கத் தொடங்கியது. மக்கூன் கூட்டணியை விட்டு விலகி மெதடிஸ்ட் பாதிரியாராகிப் பல காலம் ஆகியிருந்தது. அப்போது அவருக்கு வயது 82.